முப்பத்தோராம் ஆல்பத்துக்குப் போட்ட மார்க்

1

ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்த அன்று ஜோதி கேசரி கிண்டினாள். நான் நகர நூலகத்துக்குப் போய் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கினேன். இத்தனை வருடமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் ரொட்டி ஆலைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே தாண்டியிருக்கிறேன். போன பிறகுதான் தெரிந்தது, மூன்றாவது மாடி முழுக்க இசைத்தட்டுகள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், நான்கு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அட மடையா, பதினெட்டு வருடத்தை வீணாக்கினாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பழைய சாமான் சந்தையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் கிடைத்தது. பெல்ட் தொய்ந்திருந்தது, மாற்றினேன். ஆலையில் எனக்கு இயந்திரப் பராமரிப்பு வேலை என்பதால் இதெல்லாம் கைவந்த சமாசாரம். அப்புறம் எனக்கு நானே ஒரு சவால் விட்டுக்கொண்டேன். ஐம்பது ஞாயிற்றுக்கிழமை, ஐம்பது ஆல்பம். உலகம் கூடி 'கிளாசிக்' என்று சொல்கிற பழைய ஆல்பங்களாக இருக்க வேண்டும். முதல் பாட்டில் உட்கார்ந்தால் கடைசிப் பாட்டில்தான் எழுந்திருக்க வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது, போனைத் தொடக் கூடாது. முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு, நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் இது என்ன விளையாட்டு என்று ஜோதி கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

எங்கள் ஊர் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற பிரிவில். பதினைந்து வீடு இருந்தாலே பெரிய ஊர் என்கிற பக்கம். எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி எதுவும் இல்லை. நாமக்கல்லில் ஐ.டி.ஐ. படித்த இரண்டு வருடமும் வாரக் கடைசியில் ஊருக்குப் போகிற பஸ்ஸில் கேட்டதுதான் எனக்குப் பாட்டு.

அடிவாரமான காரவள்ளியில் வண்டி மலை ஏறத் தொடங்கும்போது டிரைவர் கேசட்டைத் தள்ளுவார். மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாக வேண்டும். ஒரு ஹாரனுக்கு ஒரு வரி போய்விடும். முதல் கியரில் இன்ஜின் உறுமும்போது இசை போய்விடும், பாடுகிறவர் வாய் மட்டும் அசைகிற மாதிரி இருக்கும். இருபதாவது வளைவுக்குள் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுப்பார். வண்டி நிற்கும், கண்டக்டர் தண்ணீர் கொடுப்பார், மரியாதைக்காகப் பாட்டும் நிற்கும்.

அந்தக் கேசட்டுகளும் ஒழுங்கானவை அல்ல. அடிவாரத்து ஊரில் ஒரு பாய் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். நாம் எழுதிக் கொடுக்கிற பாட்டுகளைக் கேசட்டில் ஏற்றித் தருவார். ஒரு பக்கம் முடிகிற இடத்தில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அது பாதியில் அறுந்து நிற்கும். நான் ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"பாய், கடைசிப் பாட்டு பாதியில நிக்குதுங்க."

"மலைக்காரங்க நீங்க. பாட்டு முடியறதுக்குள்ள வண்டி மேல போயிடும். மிச்சத்த நடந்து போறப்ப நீங்களே பாடிக்கங்க தம்பி."

அவர் சொன்னபடியே செய்தோம். மலைமேல் செம்மேட்டில் இறங்கி ஊருக்கு நடக்கும்போது அறுந்த பாட்டை ஆளுக்கொரு விதமாக முடித்துவைப்போம். எனக்குத் தெரிந்த பாட்டுகள் எல்லாமே இப்படி ஓட்டை விழுந்து, ஒட்டுப்போட்டவைதான். குறை சொல்லவில்லை, அதுவும் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒரு ஆல்பத்தை, செய்தவர் எந்த வரிசையில் வைத்தாரோ அந்த வரிசையில், தலையிலிருந்து கால் வரை ஒருமுறை கேட்க வேண்டும் என்ற ஆசை எங்கோ கிடந்திருக்கிறது. முதல் ஞாயிறு, ஊசி கடைசிப் பாட்டையும் முடித்துவிட்டு நடுவில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தபோது அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு ஹாரன்கூட அடிக்காமல் நாற்பது நிமிடம் எனக்காக ஒதுக்கிக் கொடுத்த இந்த நாட்டுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

3

இரண்டாவது வாரமே என் மகள் கயல் வந்து சேர்ந்துகொண்டாள். பதினெட்டு வயது. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டார் மீட்டுவாள். வருகிற கோடையில் பள்ளிப் படிப்பு முடிகிறது. இலையுதிர் காலத்தில் தெற்கே தூரத்து ஊர் ஒன்றுக்குப் படிக்கப் போய்விடுவாள். கொஞ்ச வருடமாகவே எங்களுக்குள் பேச்சு, 'சாப்டியா', 'ம்', 'சாவி எங்க', 'அங்கதான்' என்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவள் உலகத்துக்குள் போக என்னிடம் ஜெர்மன் போதவில்லை, என் உலகத்துக்குள் வர அவளிடம் தமிழ் போதவில்லை. போவதற்குள் இவளோடு நாலு வார்த்தை உருப்படியாகப் பேசிவிட மாட்டோமா என்று எனக்கு உள்ளுக்குள் தவிப்பு. அப்படி இருக்கையில் அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வாரம் நீங்க செலக்ட் பண்ணுங்க, ஒரு வாரம் நான். ரெண்டு பேரும் தனித்தனியா பேப்பர்ல மார்க் எழுதணும். ஒரே நேரத்துல திருப்பிக் காட்டணும்."

"சரி சாமி."

"மார்க் எந்தக் கணக்கு? இங்கத்துதா, ஊர்க் கணக்கா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்று என்றால் ஆக உயர்ந்த மதிப்பெண், ஆறு என்றால் பெயில். அவள் மூன்றாம் வகுப்பில் கணக்கில் ஒன்று வாங்கி வந்த அன்று, விவரம் தெரியாமல் நான் அவளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். பிள்ளை ஐஸ்கிரீம் எதிர்பார்த்து வந்திருந்தது. பாவி நான்.

"ஊர்க் கணக்கு. பெரிசுதான் நல்லது" என்றேன்.

நன்றாகத்தான் போனது. நான் எடுத்தவை பெரும்பாலும் ஊதுகுழல், பியானோ. அவள் எடுத்தவை கிட்டாரும் கூச்சலும். வியாழக்கிழமை நானே தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போவேன். ஒருமுறை நூலகத்து அம்மாவிடம், தட்டைக் கொண்டுவந்திருக்கிறேன் என்பதற்குப் பதிலாக, தட்டை உடைத்துவிட்டேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள். அந்த அம்மா பதறிப்போய் உறையைப் பிரித்துப் பார்த்தார். கயலிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

ஒரே ஒரு வில்லங்கம். கயல் வாய்க்கு வந்ததைப் போடுவாள். எனக்கு உயிரான ஒரு பியானோ ஆல்பத்துக்கு மூன்று போட்டாள். 'லிஃப்ட்ல போற மாதிரி இருக்கு' என்று விமர்சனம் வேறு. நானோ அவள் எடுத்த எல்லாவற்றுக்கும் எட்டு போட்டேன். காதைக் கிழிக்கிற கூச்சலுக்கும் எட்டு, தூங்கவைப்பதற்கும் எட்டு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கை நனைத்தால் குறை சொல்லக் கூடாது. உப்பே இல்லாத களி என்றாலும், 'நல்லாருக்குங்க, இன்னுங் கொஞ்சம் வெய்ங்க' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்தவன் இங்கே வந்து இன்னும் மோசமாகிவிட்டேன். விசா புதுப்பிக்கப் போகிற அலுவலகத்தில், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே 'நல்லது, நல்லது, நன்றி' என்று தலையாட்டுவேன். பத்து வயதிலிருந்து கயல்தான் பக்கத்தில் நின்று எனக்காகப் பேசுவாள். நான் நல்லது என்று சொன்ன பிறகு, 'அப்பா, அது நல்லது இல்ல, இன்னொரு பேப்பர் கேக்கறாங்க' என்று காதோடு சொல்வாள்.

4

முப்பத்தோராம் ஞாயிறு அவள் முறை. நூலகத்துத் தட்டு இல்லாமல் மடிக்கணினியோடு வந்தாள்.

"இது லைப்ரரில கிடைக்கல."

"பழைய ஆல்பமா?"

"எனக்குப் பழசு."

ஆறு பாட்டு. மொத்தமே இருபத்தைந்து நிமிடம். முந்தின நாள் ஆலையில் பெரிய அடுப்புக்குப் போகிற கன்வேயர் நின்றுபோய், பதினான்கு மணி நேரம் வேலை செய்திருந்தேன். ஒரு பேரிங்கில் இருந்து வந்த சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. தாளில் எட்டு எழுதினேன்.

திருப்பிக் காட்டினோம். அவள் நான்கு போட்டிருந்தாள்.

"ஏன் சாமி, அவங்க எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பாங்க. நாலு போடறயே" என்றேன்.

"உங்களுக்கு என்ன புடிச்சுது?"

"எல்லாமேதான். டிரம்ஸ் பிரமாதம்."

அவள் என்னையே பார்த்தாள். மெதுவாக மடிக்கணினியை மூடினாள்.

"டிரம்ஸே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு பரீட்சை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு தோழி வீடு என்றாள். பேச்சு மறுபடியும் 'ம்', 'அங்கதான்' என்று ஆனது. ஒரு பொய்க்கு இத்தனை கோபமா என்று எனக்கும் கொஞ்சம் எரிச்சல். முப்பத்திரண்டிலிருந்து தனியாகவே கேட்டேன். என்ன கேட்டேன் என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

5

ஊரில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டிருக்கிறாள். வாராவாரம் கேட்கிற ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை அவளுக்கும் வாட்ஸப்பில் அனுப்புவது என் வழக்கம். அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. செம்மேட்டுக்கு ரேஷன் வாங்க வரும்போது எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். கேட்டுவிட்டு அடுத்த முறை வரும்போது குரல் பதிவில் பதில் சொல்வாள். அவளிடம் எண்ணில் மார்க் கிடையாது. 'கேக்கலாம்', 'தள்ளு', 'இத எதுக்கு அனுப்புன' என்று மூன்றே தரம்தான்.

முப்பத்தோராம் ஞாயிறு கயல் என் போனில் ஏற்றிவைத்ததிலிருந்து மூன்றாவது பாட்டை, யாருடையது என்று எனக்கே தெரியாமல், அவளுக்கு அனுப்பியிருந்தேன். நாலு வாரம் கழித்து, ஆலை கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது.

"தம்பி, சவுக்கியமா. மிந்தி அனுப்புன அந்த ஊதறது எனக்கு ஒத்து வர்ல சாமி, தாயக் காணாத ஆட்டுக்குட்டியாட்டம் கத்துது. தள்ளு. அப்பறம் நம்ம கயலு பாடுனதக் கேட்டேன். பாஷ புரியல. ஆனா மொளகு உதுக்கறப்பல்லாம் அதத்தான் போட்டுக்கறேன். ஏஞ்சாமி, கண்ணுக்கு அங்க என்ன கொறை? பாட்டு முடியற எடத்துல கொரலு உள்ள போயிருதே. ஒழுங்காச் சாப்புடறாளா?"

நான் மூன்று முறை திருப்பிக் கேட்டேன். உடனே போன் போட்டேன். நல்லவேளை, அக்கா இன்னும் செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அது கயல் பாடினதுன்னு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? 'அத்தே'ன்னு கடைசில ஒரு இழுப்பு இழுப்பாளே, அது அப்படியே கெடக்குதல்ல அதுல. ஏன், அவ இல்லீங்கறயா?"

"எனக்குத் தெரியலக்கா."

"நல்லாருக்குது போ. எங்களுக்கு வீடியோ வந்தாச் சுத்திட்டேதான் நிக்கும். மொகத்த எங்க பாக்கறோம்? கொரல வெச்சுத்தான் புள்ள இளைச்சுதா தேறுச்சான்னு பாத்துக்கறோம். நீ ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு தெரியலீங்கறே."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது கொடுக்காமல் எட்டு போட்டது, இல்லாத டிரம்ஸைப் புகழ்ந்தது, கயலிடமே அவளுக்காகப் பரிதாபப்பட்டது.

"ஏன்டா, ஊரான் ஊட்டுச் சோத்துலதான்டா உப்பில்லீன்னு சொல்லக் கூடாது. சொந்த ஊட்டுல ஆராவது அப்படி மென்னு முழுங்குவாங்களா? விருந்தாளிக்குச் சொல்றதப் புள்ளைக்குச் சொன்னா, நீ எனக்கு ஊரான்னு சொன்னாப்பல ஆவுதல்ல. நாலு எடத்துல கொறை சொல்லியிருந்தாக்கூட அவ உன்ற கூடச் சண்டை போட்டுட்டு உக்காந்திருப்பா. பஸ் வந்துருச்சு. வெய்யி, வாரேன்."

6

ரொட்டி ஆலையில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே காதுக்காகத்தான். இருபது மீட்டர் தள்ளி நின்று எந்த பேரிங் இன்னும் ஒரு மாதத்தில் போகும் என்று சொல்வேன். அறிக்கையில் ஒரு வார்த்தை சேர்க்கவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இயந்திரத்துக்குக் காட்டிய அந்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க, போகும்போதும் வரும்போதும் சேறாகிக் கிடந்த பனியில் நடந்துகொண்டே அந்த ஆறு பாட்டுகளைக் கேட்டேன். புரியாத வார்த்தைகளை எழுதிவைத்து அகராதியில் பார்த்தேன்.

மூன்றாவது பாட்டில் ஒரு கவுன்ட்டர் வந்தது. கவுன்ட்டருக்கு மேலே தலை எட்டாத ஒரு பெண். அவள் ஒரு பெரிய மனிதருக்காகப் பேசுகிறாள். அவர் எல்லாவற்றுக்கும் நல்லது, நல்லது என்கிறார். அவருக்கு எது நல்லதில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும், அவருக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் பாட்டு. ரோட்டோரத்தில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். இந்தப் பாட்டுக்குமா நல்லது என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"முப்பத்தொண்ண மறுபடியும் போடணும் சாமி."

"எதுக்கு? அதான் எட்டு குடுத்துட்டீங்களே."

"அன்னிக்கு நான் கேக்கல. நீ பாடினதுன்னு தெரியாது. தெரியலன்னாலும் கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான். மன்னிச்சுக்க."

அப்பா மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. நான் என் அப்பா கேட்டுப் பார்த்ததில்லை. இருவருக்குமே அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

"யாரு சொன்னாங்க?"

"அத்தை. கொரலை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. மொளகு உதிர்க்கறப்பல்லாம் அதத்தான் போட்டுக் கேக்கறாங்களாம்."

"பாஷை புரியாமலா?"

"புரியாமத்தான். ஒழுங்காச் சாப்புடறாளான்னு கேட்டாங்க."

கயல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறு பாட்டையும் எழுந்திருக்காமல் கேட்டோம். தாளில் எழுதினோம், திருப்பினோம். அவள் மறுபடியும் நான்கு. நான் ஐந்து.

"அஞ்சா" என்றாள். நான் விடவில்லை.

"ரெண்டாவது பாட்டுல வேகம் கூடிக்கிட்டே போகுது. பெல்ட் லூஸான மாதிரி."

"அது வேணும்னே பண்ணினது."

"வேணும்னே பண்ணின மாதிரி தெரியல. தவறிப் போன மாதிரி இருக்கு."

"அப்பா, உங்களுக்கு ரிதம் பத்தி என்ன தெரியும்?"

"ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதத்தான கேக்கறேன்."

பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் வாதாடினோம். தமிழில் ஆரம்பித்து, அவசரத்துக்கு ஜெர்மனுக்குப் போய், அதுவும் போதாமல் மேசையில் தாளம் தட்டிச் சண்டை போட்டோம். ஜோதி அடுக்களையிலிருந்து வந்து, என்ன நடக்கிறது இங்கே என்று பார்த்துவிட்டுப் போனாள். நான் வாழ்க்கையில் வாங்கிக்கட்டிக்கொண்டதிலேயே அருமையான சண்டை அது. அக்காவுக்கும், அக்காவின் போனில் ஏதோ ஒரு நாள் எட்டிப் பார்க்கிற சிக்னலுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

"அஞ்சாவது பாட்டு எனக்குப் புடிக்கவே இல்ல" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். அப்புறம் தாளைப் பார்த்தபடி கேட்டாள். "மூணாவது?"

இதற்காகத்தான் இத்தனை நேரமும் காத்திருந்தாள் என்று தெரிந்தது. பத்து போட்டுவிடு, இருபது போட்டுவிடு என்று உள்ளே ஒருவன் துடித்தான்.

"அந்த அப்பாவை எனக்குத் தெரியும்" என்றேன். "நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா முடிவுல நீ பயந்துட்ட. கடைசி வரியில குரலை முழுங்கிட்ட. யாரு மனசும் நோகக் கூடாதுன்னு நிறுத்தின மாதிரி இருக்கு. அதுக்குத் தனியா மார்க் கேட்டா நாலுதான்."

கயல் எழுந்து போனாள். அவ்வளவுதான், கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கிட்டாரோடு திரும்பி வந்தாள். கடைசி வரியைப் பாடினாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் பாடினாள். மூன்றாவது தடவை என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்காமல் பாடி முடித்தாள்.

"இப்ப?"

"ஆறு" என்றேன்.

எட்டு வாங்கியபோது எழுந்து போனவள், ஆறை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து நான்காவது தடவை பாட ஆரம்பித்தாள்.